‘வரும்’ அண்ணன்

கம்ப்யூட்டர் திருத்துகிறவர் வந்து முன்னால் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிவிடும். இந்த வயிற்றெரிச்சல் வீட்டில் அதை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். காலையிலிருந்து அணைந்து அணைந்து உயிரை வாங்கிய சனியன், ஆளைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடும். வேறு ஆட்கள் என்றால் “இப்ப நல்லாத்தானே இருக்கு, திரும்ப வந்தா கோல் எடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். இவர் அப்படி இல்லை. இவர் உட்கார்ந்துவிடுவார்.

“வரும், இருங்க” என்பார்.

அதற்கு மேல் பேச்சு கிடையாது. அரை மணி நேரமோ அரை நாளோ, கோளாறு தன் கண் முன்னால் வருகிற வரைக்கும் அந்த வீட்டை விட்டு எழும்ப மாட்டார். அதனால் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அவருக்கு ‘வரும் அண்ணன்’ என்று பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பேர் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

பசறை டவுனில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். ஒல்லியான ஆள், எந்த வெயிலிலும் ஒரு சாம்பல் கலர் சுவெட்டர். தோளில் மாவுச் சாக்கில் தைத்த பை. அதற்குள் ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய பல் தேய்க்கிற பிரஷ், ஒரு பள்ளிக்கூட அழிறப்பர். ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களை அந்த றப்பரால் மெதுவாகத் தேய்ப்பார். எங்கள் பக்கத்துப் பனிக்கு எல்லாவற்றிலும் ஈரம் ஏறும், கம்ப்யூட்டருக்குள்ளும் ஏறும். தேய்த்துப் போட்டால் பாதி மெஷின்கள் எழும்பிவிடும். ஆனால் எழும்பியதும் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடியாது. “ஏன் நின்னுச்சுன்னு தெரியாம நல்லானா, அது நல்லானதில்ல தங்கச்சி” என்பார். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருப்பார்.

மற்றவர்கள் எதற்கெடுத்தாலும் ‘போர்மட் அடிச்சிருவோம்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே இவருக்குப் பிடிக்காது. போர்மட் அடித்தால் எல்லாம் அழியும், கோளாறின் காரணமும் சேர்ந்து அழியும் என்பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். வயரை மாற்றினால் வயர் மட்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று எப்படித் தெரியும் என்று கேட்பார். பொலிஸ்காரர்கள்கூட இவ்வளவு பொறுமையாக விசாரிக்க மாட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அவரை அப்போது கொஞ்சமும் பிடிக்காது. வீட்டுக்குள் ஒரு மனிதன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குப் பிடிக்கும்? கம்ப்யூட்டரை மட்டும் பார்க்க மாட்டார். கூரையைப் பார்ப்பார், ப்ளக் பேஸைப் பார்ப்பார், சாமி விளக்கின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார், யார் வந்தார்கள், யார் எதைத் தொட்டார்கள் என்று பார்ப்பார். அம்மா அடுப்படியில் நின்று என்னிடம் பல்லைக் கடிப்பாள். “வயசுப் புள்ள இருக்குற வீட்டுல என்ன பார்வை வேண்டிக் கிடக்கு? பொட்டிய பாத்தமா போனமான்னு இல்லாம.” அவர் பார்வையில் தப்பு ஒன்றும் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். அது அவளுக்கு வேறொரு எரிச்சல்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சுவரில் சாய மாட்டார். பெஞ்சை அறையின் நடுவில் இழுத்துப் போட்டு, முதுகு நிமிர்ந்து உட்காருவார். “சாஞ்சு உக்காருங்களேன் அண்ணே, முதுகு வலிக்கப் போவுது” என்று ஒரு தரம் சொன்னேன்.

“சுவத்துல சாஞ்சு பழக்கமில்ல தங்கச்சி.”

“எந்த ஊரு தம்பி உங்களுக்கு?” என்று அப்பா கேட்டார்.

“ஹல்துமுல்லைப் பக்கமுங்கய்யா.”

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. மண் சரிந்து லயத்தோடு ஆட்களை மூடிய பக்கம் அது. அந்தப் பக்கத்து ஆட்களிடம் எங்கள் மலைகளில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அம்மா பிளேன்டீயும் ஒரு துண்டு சக்கரையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் காத்திருந்து கண்டுபிடித்த கதைகள் ஊரில் நிறைய. தோட்டத்து கிளாக்கர் ஐயா வீட்டில் பின்னேரமானால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோகும். வைரஸ் என்றார்கள், மின்சாரம் போதவில்லை என்றார்கள். இவர் போய் ஹோலில் உட்கார்ந்தார். கிளாக்கர் அம்மா இரண்டு தரம் வந்து “நீங்க போயிட்டு நாளைக்கி வாங்களேன் தம்பி” என்று சொல்லிப் பார்த்தாராம். “வரும், இருங்க.” பொழுது சாயச் சாய அந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கடைசியில் அந்த அம்மாவே அவரை அடுப்படிக்குள் கூட்டிப் போய், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கரண்ட் அடுப்பைக் காட்டிவிட்டார். புருஷனுக்குத் தெரியாமல் வாங்கியது. அதைப் போட்டதும் வோல்டேஜ் விழுந்து கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது. லயமே ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தது. ஆனால் அன்றிலிருந்து அவரை வீட்டுக்குக் கூப்பிட ஆட்கள் கொஞ்சம் யோசித்தார்கள். எல்லார் வீட்டிலும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கத்தானே செய்கிறது.

அடுத்த கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் நின்று நின்று போனது. இவர் போய்க் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு, “மெஷின்ல ஒன்னுமில்ல முதலாளி. உங்க சீலிங்குக்குள்ள வயர் வேகுது. தூக்கி மாத்துங்க” என்றாராம். சீலிங் அடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. “கம்ப்யூட்டர் பாக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க” என்றிருக்கிறார். இவர் பையை எடுத்துக்கொண்டு, “வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அந்தக் கார்த்திகையில் கடையின் கூரை எரிந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? அவர் வாயில் வந்ததால்தான் எரிந்தது என்றது. கரிநாக்குக்காரர் என்றது. வயரை மாற்றாத முதலாளியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

பசறையிலிருந்து மேலே ஏறுகிற தோட்டத்தில் மேட்டு லயத்தின் தொங்கல் காம்பரா எங்களுடையது. வரிசையில் கடைசி அறை என்று அர்த்தம். அப்பா தேயிலை பெக்டரியில் வேலை, அம்மா கொழுந்தெடுக்கப் போவாள். நான் டவுனில் ஒரு கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கடையில் முடியாத வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து அடிப்பேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், வேலைக்கு எழுதிப் போடுகிற விண்ணப்பம். கம்ப்யூட்டர் பழையதுதான். அதைச் சக்கரம் வைத்த பலகை மேசையில், பின்சுவரை ஒட்டி வைத்திருந்தோம். அறையில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பேஸ். அதுவும் பின்சுவரில் தலை உயரத்தில். அங்கிருந்து இறங்கி கம்ப்யூட்டரின் முதுகில் சொருகுகிற வயர் சரியாக எட்டும். ஒரு விரல் தளர்ச்சிகூடக் கிடையாது.

அது திடீர் திடீரென்று அணைந்துபோகும். அடித்ததெல்லாம் போய்விடும். பத்திரிகைக்காரர்கள் வந்து வாசலில் நிற்கும்போது எனக்கு அழுகை வரும்.

வரும் அண்ணன் முதல் தரம் வந்தபோது பின்பக்கம் எட்டிப் பார்த்து, பாதி வெளியே வந்திருந்த வயரை உள்ளே அழுத்தினார். “மேசைய யாரு இழுத்தது?” என்று கேட்டார். யாரும் இழுக்கவில்லை. கூட்டும்போது நான் இழுத்திருப்பேன் என்று அம்மா சொன்னாள். அவள்தான் இழுத்திருப்பாள் என்று நான் சொன்னேன். இந்தச் சண்டை முடிகிற வரைக்கும் அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையின் அடியில் மிஞ்சிய தேத்தண்ணியைத் தரையில் ஊற்றினார். அது வாசலைப் பார்த்து விறுவிறுவென்று ஓடியது.

“எப்பவும் இப்பிடித்தான் ஓடுமா?”

“ஆமாங்க, இப்ப இப்ப நல்லா ஓடுது” என்றாள் அம்மா பெருமையாக. “கழுவி ஊத்துனா தண்ணி தானா வெளிய போயிரும். மத்த வீடுங்க மாதிரி தள்ளித் தள்ளி விடத் தேவையில்ல.”

அவர் சிரிக்கவில்லை. மேசையின் சக்கரங்களுக்கு மரத்துண்டு வெட்டி அடை கொடுத்துவிட்டுப் போனார். இனி மேசை அசையாது, அசைந்தால் மரத்துண்டு சொல்லும் என்றார்.

தீபாவளி வந்தது. எங்கள் லயங்களில் தீபாவளிக்கு முன்னால் சுவரில் இருக்கிற வெடிப்பை எல்லாம் சிமெந்து குழைத்து அடைத்து, மேலே ஒரு கலர் அடித்துவிடுவார்கள். வெடித்த சுவரோடு தீபாவளி கொண்டாடினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு எண்ணம். அப்பா அந்த வருஷம் நீலம் அடித்தார். வீடு பளிச்சென்று இருந்தது. அடுத்த வாரமே கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது.

இந்தத் தரம் அவர் வந்ததும் மேசைக்குக் கீழே குனிந்தார். மரத்துண்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. மேசை ஒரு நூல்கூட நகரவில்லை. ஆனால் வயர் வெளியே வந்திருந்தது.

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. போய் மூலையில் விரல் கணுவால் தட்டினார். பத்தையாக ஒரு துண்டு உதிர்ந்தது. நீலத்துக்குக் கீழே சிமெந்து, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே சிமெந்து, பிறகு ரோஸ். ஒவ்வொரு தீபாவளியும் அங்கே அடுக்கடுக்காக இருந்தது.

“வருசா வருசம் பூசுறீங்களாய்யா?”

“பின்ன? விட்டு வச்சா பாக்க நல்லாவா இருக்கும்?” என்றார் அப்பா.

“பூசாம விட்டிருந்தா எவ்வளவு விரியுதுன்னு தெரிஞ்சிருக்கும்.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணே, ஒரு எக்ஸ்டென்ஷன் கோட் வாங்கிப் போட்டா முடிஞ்சுதே. வயர் நீளமா இருந்தா எதுக்குக் கழறப் போவுது?”

“கழறாது தங்கச்சி. ஆனா ஏன் கழறுதுன்னும் தெரியாமப் போயிரும்” என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். “சுவரு போகுதா தரை போகுதான்னு தெரியல. ரெண்டும் ஒன்னா இல்ல.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. மலை நகர்கிறது என்று சொல்கிறார் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மேட்டு லயத்து ஆட்களுக்குக் கீழே தனித்தனி வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு பேர்ச் அளவில் காணி, சொந்தக் கூரை. லயத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அது, விட்டுப் போனவர்களுக்கு இல்லை. பிறந்ததிலிருந்து தோட்டத்துக் கூரைக்குக் கீழேயே இருந்த மனிதர் அப்பா. இந்தக் காம்பராவை விட்டு இறங்கினால் அந்த வீடு கையை விட்டுப் போய்விடும் என்று அவருக்குப் பயம். “வீடு வரும், அதுவரைக்கும் இந்தச் சுவரு நிக்கும்” என்றார்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அன்று அப்பா பெக்டரிக்குப் போயிருந்தார். மழையில் அம்மாவுக்கு வேலை இல்லை, எனக்கும் பஸ் இல்லை. காலையிலேயே அவர் வந்துவிட்டார். நாங்கள் கூப்பிடவில்லை. குடையை வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், சாத்திவிட்டு உள்ளே வந்து, வயரைச் சரியாகச் சொருகி, கம்ப்யூட்டரைப் போட்டு, பெஞ்சை நடுவில் இழுத்தார்.

“நேத்தெல்லாம் நல்லாத்தானே வேலை செஞ்சுது” என்றேன்.

“வரும், இருங்க.”

வெளியே பின்பக்கத்து வடிகால் கானில் தண்ணி சேறாக, தேத்தண்ணி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கறுப்பு வயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். சோறு வடித்தாள், யாரும் சாப்பிடவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சுவருக்குள் எங்கேயோ சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வயர் விறைத்தது. கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து மெதுவாக, யாரோ பிடித்து இழுப்பது போல வெளியே வந்து, ஆடிக்கொண்டு தொங்கியது. ஸ்க்ரீன் கறுத்துப் போனது.

கோளாறு வந்துவிட்டால் அவருக்கு உற்சாகம் வரும். பையைத் திறப்பார், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். அன்று பையைத் தொடவே இல்லை. எழுந்துவிட்டார்.

“வந்துருச்சு. எந்திரிங்க.”

“அண்ணே...”

“இருக்காதீங்க தங்கச்சி. அம்மாவக் கூட்டிக்கிட்டு நடங்க.”

அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். கத்தவில்லை. அந்தத் தணிந்த குரலில் என்ன இருந்ததோ, மேட்டு லயம் முழுக்கப் பிள்ளைகுட்டிகளோடு மழையில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

ஒன்றும் வரவில்லை. அதுதான் நடந்தது.

பள்ளிக்கூடத்துத் தரையில் நாலைந்து நாள் படுத்துக் கிடந்தோம். அரசாங்க ஆபீஸ் ஆட்கள் வந்து மலையைப் பார்த்தார்கள், ஆபத்தான இடம்தான், மழை நாட்களில் கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மழை விட்டது, வெயில் வந்தது. லயம் அப்படியே நின்றது. திரும்பிப் போன ஆட்களுக்கு ஆடுகளைக் காணவில்லை, கோழிகளைக் காணவில்லை, வேலை நாளும் போயிருந்தது. எல்லாக் கோபமும் ஒரே மனிதன் மேல் திரும்பியது. மறந்துபோன பையை எடுக்க அவர் வந்தபோது இளவட்டங்கள் வழியை மறித்துக்கொண்டு “என்ன அண்ணே, வருமா?” என்று கேலி பண்ணினார்கள். ஒருவன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவர் விழுந்தார், பையில் இருந்ததெல்லாம் கொட்டியது, சேற்றிலிருந்து அந்த அழிறப்பரைத் தேடி எடுத்தார்.

அப்பா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஆனால் சொன்னது இதுதான். “தம்பி, நீங்க கம்ப்யூட்டர் பாக்க வந்த ஆளு. மலையப் பாக்க வேணாம்.”

“மலையப் பாக்கலைங்கய்யா. வயரத்தான் பாத்தேன்.”

“நீங்க பாத்தீங்க, எம் பொண்டாட்டியும் புள்ளையும் பாத்தாங்க. நான் பாக்கல.”

அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். நான் அவரைக் கண்டது அதுதான் கடைசி. அந்த மனிதனுக்காக அன்றைக்கு என் மனம் அவ்வளவு வலித்தது. டவுனில் யாரும் அவரிடம் வேலை கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் கடை பூட்டிக் கிடந்தது. கத்தாருக்குப் போய்விட்டார் என்றார்கள், கொழும்பில் இருக்கிறார் என்றார்கள்.

அம்மா மட்டும் அந்த லயத்துக்குத் திரும்பவில்லை. “எங் கண்ணால பாத்தேன், அந்த வீட்டுல இனி படுக்க மாட்டேன்” என்று ஒரே பிடியாக நின்றாள். நானும் அவளும் பதுளையில் ஒரு அறை எடுத்தோம். எனக்கு அங்கேயே வேலை கிடைத்தது. அப்பா அசையவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வீடு வரும் வரும் என்று அங்கேயே இருந்தார். குடும்பத்தையும் பிரித்துவிட்டான் என்று அந்தப் பழியையும் ஊர் வரும் அண்ணன் மேலேயே போட்டது. அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் பூசிக் கலர் அடித்தார். டிவி வாங்கி வாசல் பக்கம் வைத்தார். பின்சுவர் ப்ளக்கிலிருந்து அதற்கு ஒரு நீள எக்ஸ்டென்ஷன் கோட். ஒரு முழத்துக்கு மேல் வயர் தரையில் சுருண்டு கிடக்கும். “பாத்தியா, இப்ப எதாவது கழறுதா?” என்று என்னிடம் கேட்பார். நாலைந்து வருஷம் இப்படியே போனது.

போன ஐப்பசியில், மழை பிடித்த மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, வேலையில் இருக்கும்போது அப்பா போன் பண்ணினார்.

“பாப்பா, டிவி நின்னு நின்னு போகுது.”

“ஏம்ப்பா?”

“வயர் பத்த மாட்டேங்குது. நீ வரும்போது அதவிட நீளமா ஒன்னு வாங்கிட்டு வா.”

நாற்காலியை விட்டு எழுந்தேன். “அப்பா, வெளிய வாங்க. இப்பவே எந்திரிச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க.” அவர் சிரித்தார். மழை விடட்டும் என்றார். ஆபீசுக்கும் தோட்டத்துக்கும் போன் பண்ணினேன். சொல்லிவிடுகிறோம் என்றார்கள். பஸ்ஸில் பசறை வரைக்கும், அங்கிருந்து ஓட்டோவில். பாதி வழிக்கு மேல் ஓட்டோக்காரர் வர மறுத்துவிட்டார். மீதியை நடந்தேன். வழியில் கண்ட கதவை எல்லாம் தட்டினேன். ஒன்றிரண்டு பேர் எழும்பினார்கள். மற்றவர்கள் அந்த அண்ணனைத் தள்ளின நாளை நினைத்துச் சிரித்தார்கள்.

அப்பா இஸ்தோப்பைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்சுவரிலிருந்து டிவி வரைக்கும் அந்த வயர், துணி காயப்போடுகிற கொடி மாதிரி அந்தரத்தில் விறைத்து நின்றது. அதன் மேல் அப்பா துண்டைக் காயப் போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். உதறினார். “இன்னும் ரெண்டு மாசத்துல அத்திவாரம் வெட்டுறாங்களாம். இவ்வளவு நாளு இருந்துட்டு இப்ப விட்டுட்டு வரச் சொல்றியா? வீடு வரும், இரு.”

அவரைத் தூக்கிக்கொண்டு போக என்னால் முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பெஞ்சை அறையின் நடுவில் இழுத்துப் போட்டு, சுவரில் படாமல் உட்கார்ந்தேன்.

“என்ன பண்ற?”

“வரும், இருங்கப்பா” என்றேன். “நீங்க பாக்கலன்னு சொன்னீங்கள்ல.”

“அந்த ஆளு மாதிரியே பேசாத.”

நான் வயரைப் பார்த்தேன். அவரும் வேறு வழியில்லாமல் வயரைப் பார்த்தார். பார்க்காத மாதிரி டிவியைப் பார்த்தார், பிறகு மறுபடியும் வயரைப் பார்த்தார். கூரை அசைந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு பயம். அந்த அண்ணன் எத்தனை வீடுகளில் இந்தப் பயத்தோடு உட்கார்ந்திருப்பார் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் பொறுமைசாலி இல்லை, பயந்த மனிதர். எங்களுக்காகவும் சேர்த்துப் பயந்தவர்.

சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. ப்ளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. டிவி நின்றது. துண்டு தரையில் விழுந்தது. யாரும் தொடவில்லை. இந்த முறை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்தார். துண்டை எடுக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. வாசலில் இறங்கும்போது, “அந்த மனுசன் இப்ப எங்க இருக்காரு?” என்று கேட்டார்.

“தெரியாதுப்பா. மொதல்ல நடங்க.”

அப்பா முன்னால் போய்க் கதவுகளைத் தட்டினார். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்து எழும்பினார்கள்.

மறுநாள் காலையில் மழை விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் வெயில் அடித்தது. மேலே லயம் முழுசாக நின்றது, எங்கள் நீலச் சுவர்கூடத் தெரிந்தது. ஆட்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். ஆட்டைப் பார்க்க வேண்டும், கோழியைப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுப்பு. “போன தடவை மாதிரித்தான், ஒன்னும் வராது” என்று ஒருவர் எழும்பி வேட்டியைக் கட்டினார்.

அப்பா பள்ளிக்கூட பெஞ்சை மண்டபத்தின் நடுவிலிருந்து இழுத்து, வாசலுக்குக் குறுக்கே போட்டார். முதுகை நிமிர்த்தி அதில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பார்த்தார்.

“வரும்” என்றார். “இருங்க.”